தறியில் மிஞ்சிய பாவு

ஏறாவூர் வாவிக்கரையின் நெசவுக் கொட்டிலுக்குள் காலை வெயில் நுழைந்து, மஸ்கட்டுக்குப் போகவிருக்கும், இடுப்பில் உடுத்தும் சாரன்களின் கட்டுகள் மேல் படிகிறது. இறக்குமதி செய்த நீல நூலால்தான் அவை நெய்யப்பட்டன என்று சுங்க அதிகாரி ஜொய்சன் இன்று உறுதிசெய்தால், நூலுக்குச் செலுத்திய தீர்வை திரும்பி வரும். அந்தப் பணத்தில் அடுத்த நூலும் வரும். இல்லையேல் தறிகள் ஓய்ந்துவிடும் என்பதைக் கொட்டிலை நடத்தும் கைறுன்னிஸா அறிவாள். ஜொய்சன் ஒரு சாரனின் விளிம்பைத் தடவுகிறார். ஓர் இழைகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. துணி கஞ்சியில் விறைத்து நிற்கிறது. "ராத்தா, இதில எந்த நூலை உருவிப் பாக்கிற?" "நீங்க வாறீங்கண்டுதான் சேர், எல்லாத்தையும் வடிவா நறுக்கிக் கஞ்சி போட்டன்," என்கிறாள் மருமகள் பஸ்னா. "மாப்பிளையா வாறாரு, இப்பிடிச் சோடிச்சு வெச்சிரிக்காய்?" என்று கடிந்துகொண்டே திரும்பும் கைறுன்னிஸாவின் பார்வை கடைசித் தறியில் நிலைக்கிறது.

புதிய நூலை முடிச்சிட்டு இணைப்பதற்காக, நீளவாட்டில் ஓடும் பாவு நூலில், நெய்த துணியை வெட்டிய பின் மிஞ்சும் வாலை அவர்கள் ஒருபோதும் தறியிலிருந்து அறுத்தெடுப்பதில்லை. கஞ்சி படாத அந்த நீல இழைகள், இடையிடையே வெள்ளை இழைகளோடு, வாவிக்காற்றில் மெல்ல அசைகின்றன. ஜொய்சன் சாரனை அவற்றின் அருகே விரிக்கிறார். துணியின் வெள்ளைக் கோடுகள் இழைகளுக்குள் முறியாமல் தொடர்கின்றன. பிறகு ஒரு நீல இழையை உருவி, நூல் வந்திறங்கியபோது சுங்கத்தில் மாதிரிக்கென எடுத்துவைத்த நூலோடு சேர்த்து வெயிலில் பிடிக்கிறார். தூரத்தில் ஒரு தோணியின் மோட்டார் இரைந்து ஓய்கிறது. "ரெண்டும் ஒண்டுதான், ராத்தா." கட்டுகளின் மேல் முத்திரை விழுகிறது. கைறுன்னிஸா தறியருகே அமர்ந்து, வரப்போகும் நூலுக்காக அந்த இழைகளை விரல்களால் நிதானமாகக் கோதிவிடுகிறாள்.