கற்பூரம் அணைத்த கை

உப்பளத்தை ஒட்டிய கடற்கரையில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. என் மகன் கலையரசன் படகு இன்ஜினின் விசிறியைக் கழற்றி மணலில் வைக்கிறான். விசிறி இருந்த தண்டில் சிவப்பு நைலான் நூல் உருகிச் சுற்றிக் கிடக்கிறது. எங்கள் மீனவக் குப்பத்தில் சிவப்பு வலை வைத்திருப்பவன் சேட்டு மட்டும்தான். அவன் வலையை எங்கள் படகு அறுக்கவில்லை என்று நேற்று ஊர்க்கூட்டத்தில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான். பொய்ப்பழி சொன்னதாக என் பங்காளிகள் அவனை அங்கேயே அடித்தார்கள். "நூலை அறுத்துப் போட்டுடறேன் நைனா, எவனுக்குத் தெரியப்போவுது?" என்கிறான் கலையரசன். நான் சம்மட்டியை எடுக்கிறேன். முதல் அடியில் இன்ஜின் மூடி பிளக்கிறது. அடுத்த அடியில் கறுப்பு எண்ணெய் என் வேட்டியில் தெறிக்கிறது. தடுக்க வந்த மகனின் மூக்கில் என் முழங்கை இறங்குகிறது. ரத்தம் மணலில் சொட்டுகிறது. சத்தம் கேட்டுச் சேட்டு வருகிறான். உதடு கிழிந்து வீங்கியிருக்கிறது. தண்டைக் குனிந்து பார்க்கிறான். "இன்ஜின் என்னாண்ணா பண்ணுச்சு? சத்தியம் பண்ணது நீதானே?" என்கிறான். கற்பூரம் சுட்டுக் கொப்பளித்த உள்ளங்கையை உடைந்த மூடியின்மேல் விரித்து வைக்கிறேன். மற்றக் கையால் சம்மட்டியை நீட்டுகிறேன். "நைனா, வேணாம்!" என்று அலறுகிறான் கலையரசன். சேட்டு சம்மட்டியை வாங்கிக்கொள்கிறான்.