இரண்டாவது விலை

மூன்று பேட்டரிப் பெட்டிகளைக் கழற்றி எடுத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ரகுராம் விமானத்தின் இரண்டாவது இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டார்.

கீழே சந்தாபுராவின் அடுக்குமாடிகள் நகர்ந்தன. பக்கத்தில் விமானி கிளெமென்ட். பெட்ரோல் இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மட்டும் பதினைந்து நிமிடம் பறந்து காட்ட வேண்டும். ஏழு கிலோமீட்டர் பின்னால், ஓடுதளத்தின் ஓரத்தில் முதலீட்டாளர்கள் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். முதலாளியே ஏறிப் பறந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும் என்பது ரகுராமின் எண்ணம்.

அவர் ஏறினால் எடை கூடும். எதையாவது இறக்கியாக வேண்டும். மெக்கானிக் ரவியிடம், மூச்சு விடக்கூடாது என்று சொல்லி, பத்துப் பேட்டரிப் பெட்டிகளில் மூன்றை இறக்க வைத்தார். விமானியின் திரையில் ஓடும் நிமிடக் கணக்கு மட்டும் பழையபடி பத்துப் பெட்டிகளுக்கானது. அதை மாற்றினால் ஜோவிதாவுக்குத் தெரிந்துவிடும்.

ஜோவிதா, பேட்டரிக் கணக்குப் போடும் பெண். ஏழரை மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே நீலசந்திரா ஸ்டாப்பில் நிற்கிற ரகம். வெயில் காலத்திலும் பையில் குடை இருக்கும். பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது. அவள் போடும் எந்தக் கணக்கிலும் ஒரு பங்கு பயம் கலந்திருக்கும் என்று ரகுராம் முடிவு கட்டியிருந்தார்.

பதினைந்து நிமிடம் பறக்கப் பதின்மூன்று பெட்டிகள் வேண்டும் என்றுதான் அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தாள். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் ரகுராம் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"பயத்துக்குப் பேட்டரின்னு பேர் வெச்சு ப்ளேன்ல ஏத்தப் பாக்குறியாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே பதின்மூன்று பத்தாயிற்று. வாதம் இல்லை, விளக்கம் இல்லை, ஒரே ஒரு தாள்.

சிக்பேட்டையில் புடவை வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் ஒரு விலை. முகத்தைச் சுளித்தால் இரண்டாவது விலை. எழுந்து நடந்தால் பின்னாலேயே வருவதுதான் உண்மையான விலை. ஓர் அதட்டலுக்கே மூன்று பெட்டி குறைகிறதென்றால் இன்னும் மூன்றையாவது ஒளித்து வைத்திருப்பாள். ரகுராம் எழுந்து நடந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒன்பதாவது நிமிடம் முடிந்தபோது காதில் மாட்டிய ஹெட்போனில் ஜோவிதாவின் குரல் கேட்டது. கீழே அவள் பார்க்கிற திரையில் வோல்டேஜ் கணக்கைவிட வேகமாக இறங்குகிறதாம். இன்ஜினை உடனே போடச் சொன்னாள்.

கிளெமென்ட் தன் திரையைப் பார்த்தார். ஆறு நிமிடம் மிச்சம் என்றது. ஆனாலும் கை இன்ஜின் பொத்தானுக்குப் போயிற்று. ரகுராம் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். பாதியில் இன்ஜினைப் போட்டால் அது முதலீட்டாளர்களுக்குத் தெரியாமல் போகாது. இந்தப் பெண் பயந்தாளென்று ஒரு நிறுவனமே தலைகுனிய முடியுமா?

ஜோவிதா மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. ரகுராமுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஜோவிதா, உன் பயத்துக்கு மருந்து சொல்லட்டா? உன்னோட பத்துல மூணை நான் எப்பவோ கழட்டிட்டேன். ஏழுதான் இருக்கு. பறக்குது பாரு."

கிளெமென்ட் திரும்பி அவரைப் பார்த்தார். கையை உதறி விடுவித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். இன்ஜினைக் கிளப்புவதற்கும் அதே பேட்டரிதான். இன்ஜின் ஒரு தடவை முனகி அடங்கியது. முன்னால் சுழன்றுகொண்டிருந்த விசிறியின் இலைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.

"டென்ஷன் ஆகாதீங்க கிளெமென்ட். இவ எப்பவும் எக்ஸ்ட்ரா வெச்சிருப்பா," என்றார் ரகுராம். "எவ்வளவுன்னு அவருக்குச் சொல்லும்மா."

காதில் ஜோவிதாவின் குரல் பழையபடி இறங்கியிருந்தது.

"நீங்க திட்டுன அன்னைக்கே அதை எடுத்துட்டேன் சார்."