மாத்திரைப் பொருத்தம்

வயிற்றுப்போக்கு நிற்காமல் துவண்டுபோன மாமியாரை மருமகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள்.

"குடல்ல ஒட்டுண்ணி இருக்கு. மாத்திரையில சரியாயிடும்" என்று சீட்டு எழுதினார் டாக்டர்.

மருமகள் தண்ணீர் வாங்கப் போனதும் மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர், எனக்கு எச்ஐவி இருக்கே, அதை அவகிட்ட சொல்லிடாதீங்க. தினமும் போடறது சர்க்கரை மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா என்னை ஒதுக்கிடுவா."

"சொல்லமாட்டேன்மா."

நர்ஸ் மாமியாரை ஊசி போட அழைத்துப்போன நேரத்தில் மருமகள் திரும்பி வந்தாள். சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது அத்தையோட எச்ஐவி மாத்திரைக்கு ஒத்துப்போகுமா, டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ரொம்ப நாளாவே தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா, அவங்களே தனியாப் போய்ப் படுத்துக்குவாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

"நல்லாவே ஒத்துப்போகும்மா" என்றார் டாக்டர்.