ஐம்பத்தாறா, எண்பத்திரண்டா?

"பெயின்ட் இன்னும் காயல, தொடாதீங்க" என்றார் அஷோங். அதற்குள் அயிக்வேயின் விரலில் கறுப்பு ஒட்டியிருந்தது.

கானாவின் டெஷி ஊரில், கடற்கரைச் சாலையில் இருந்தது அஷோங்கின் பட்டறை. வாசலில் இரண்டு கார்கள். ஒன்று ஐம்பத்தாறாம் வருட மாடல்: கறுப்பு நிறம், உருண்டை விளக்கு, நீண்ட மூக்கு, பின் ஜன்னலில் வெள்ளைத் திரை. மற்றது எண்பத்திரண்டு: சதுர விளக்கு, நான்கு முனையிலும் மஞ்சள் அடித்த டாக்சி. நடுவே ஆளைவிடப் பெரிய சிவப்பு மீன் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"கறுப்பையே எடுத்துருவோம் அண்ணி. அண்ணன் அந்த கொக்கோ வியாபார முதலாளிக்கு ஓட்டின அதே மாடல். சனிக்கிழமை ஊரே வாயைப் பொளக்கும்" என்றான் அயிக்வே.

"ஏன் தம்பி, நீயா அதுல போகப் போற?" என்றாள் கோர்கோய். "அது உங்கண்ணன் துடைச்ச காரு. சொந்தமா வச்சிருந்தது டாக்சிதான். அதுலயே போகட்டும்."

"அந்த டாக்சியா? அண்ணன் ஓட்டினதைவிட நாம தள்ளினதுதான் அதிகம்."

"தள்ளினது நானும் பிள்ளைங்களும். நீ உள்ள உக்காந்து ஸ்டீயரிங்க பிடிச்ச."

அயிக்வே அவசரமாக அஷோங்கிடம் திரும்பினான். "இதுல எது உறுதி, அண்ணே?"

"ரெண்டும்தான். வாங்கினவங்க யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

கோர்கோய் டாக்சியை நோக்கி நடந்தாள். வழியில் அந்த வெள்ளைத் திரை கண்ணில் பட்டது. நின்றாள்.

"பன்னெண்டு வருஷம் முதலாளிக்குப் பின் கதவைத் திறந்து விட்டாரு. வெளிய காத்திருக்கிறப்போ கொட்டுற மழையிலகூட அந்த முதலாளி இவர உள்ள உக்கார விட்டதில்ல" என்றாள். பிறகு, "கறுப்பே இருக்கட்டும். இந்த ஒரு தடவை இவரு பின் சீட்டுல போகட்டும்."

"அதைத்தானே அண்ணி நான் அப்பவே சொன்னேன்."

"நீ ஊருக்காகச் சொன்ன."

அஷோங் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அளவு நாடாவை உதறி விரித்தார்.

"காரு மாதிரி செஞ்சாலும் சவப்பெட்டிதானே, உள்ள ஆறடிதான் இருக்கு. செத்தவர் என்ன உயரம்?"