கூட வராதவன்

"அதோ நிக்கிறான் பாரு தொரை. கூப்ட்டாக்கூட வர மாட்டான்."

டீ கிளாஸைப் பிடித்த கையாலேயே காட்டினான் வீரமுத்து. கச்சிராயபாளையத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வசீம் தன் பைக்கில் சாய்ந்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"யாருண்ணா அவரு?" என்று கேட்டாள் தனுஷா. பைக் குரூப்பில் சேர்ந்து அவளுக்கு இதுதான் முதல் ஞாயிற்றுக்கிழமை.

"நம்மகூட வந்துக்கினு இருந்தவன்தாம்மா. போன வருஷம் மலையில அன்புச்செல்வன் விழுந்து செத்தான் இல்ல? அன்னியோட நம்ம சங்காத்தமே வேணாம்னு போய்ட்டான். இன்னிக்கு அன்புக்கு வருஷம் திரும்புது. இத்தன பேரு சேந்து போறோம். இவன் மட்டும் தனியா சுத்திக்கினு இருக்கான். கூட்டாளின்னா இப்பிடியா?"

வண்டிகள் கிளம்பின. எப்போதும்போல் வீரமுத்துதான் முதலில். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறியதுமே எல்லோருக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. அன்புவுக்காகத்தான் போகிறோம் என்று நினைக்கும்போதே வீரமுத்துவுக்குக் கண் கலங்கியது.

பெரியார் அருவியில் வண்டிகளை நிறுத்தி, அன்புவின் படத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றிய பிறகுதான் ஒருவன் கேட்டான்.

"தனுஷா எங்கடா?"

"வந்துரும். புதுசு இல்ல? மெதுவாத்தான் வரும்."

வரவில்லை. போன் போட்டால் டவர் இல்லை. கற்பூரம் அணைந்தது. வீரமுத்து அவசரமாக வண்டியைத் திருப்பினான்.

கிளம்புவதற்குள் கீழ் வளைவில் அவள் ஏறி வருவது தெரிந்தது. முழங்கையில் ரத்தம் ஊறிய கைக்குட்டை. அவளுக்குப் பின்னால் வசீம்.

"வளைவுல மண்ணுல டயரு வாரிடுச்சுண்ணா. வண்டிக்கு அடியில மாட்டிக்கினேன். இவருதான் தூக்கி விட்டாரு."

"நல்ல நேரம், அந்தப் பக்கமா வந்திருக்கான்" என்றான் வீரமுத்து.

"நேரமெல்லாம் இல்லண்ணா. அடிவாரத்துலேர்ந்தே என் பின்னாடிதான் வந்தாரு. வாராவாரம் நம்ம கடைசி வண்டிக்குப் பின்னாடி வருவாராம்."

வீரமுத்துவுக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னாத்துக்குடா ஒளிஞ்சி ஒளிஞ்சி வர? எங்க கூடவே வர வேண்டியதுதான?"

"கூட வந்தா உங்க வேகத்துக்கு வரணும்ணா. அன்னிக்கு நானும் அப்பிடித்தான் வந்தேன்."

வசீம் அன்புவின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நாம இங்க சிரிச்சிக்கினு போட்டோ எடுத்துக்கினு இருந்தப்ப, அவன் வளைவுல அடிபட்டுக் கெடந்தான். 'வந்துருவான்'னு சொல்லிக்கினே இருந்தோம். நாம போய்ப் பாக்கறப்ப ஒடம்பு சில்லுன்னு ஆயிருந்திச்சி."

மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்த அன்புவின் முகத்தையே வசீம் பார்த்தான்.

"மலையில தனியா ஓட்ட பயம்னுதான் நம்ம கூட சேந்தான். இத்தன பேரோட கெளம்பி வந்தவன், தனியாத்தாண்ணா செத்தான்."