தூணடிப் பேச்சு

மகளைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்த ரவிச்சந்திரன், நாற்சந்தியில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார்.

எதிரே அந்தத் தூண். கருங்கல்லில் நாலு மாடி உயரம். உச்சியில் ஒரு குதிரைவீரரின் சிலை, தூறலில் நனைந்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யார், எந்தப் போரில் ஜெயித்தார் என்றெல்லாம் புனேயில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிலை என்பதற்கு மராத்தியில் 'புத்லா'. அதை மட்டும் சொன்னால் போதும், எந்த ஆட்டோக்காரரும் இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

தூணைச் சுற்றி வட்ட வட்டமாகப் படிக்கட்டு. படிக்கட்டு முழுக்க ஆட்கள். நூறு பேராவது இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கடை மூடிவிட்டு வந்தவர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாத டெலிவரி ஆட்கள், தலை நரைத்தவர்கள்.

ஆனால் ஒரு சத்தம் இல்லை.

சுற்றிலும் பஸ்ஸும் பைக்கும் ஹார்ன் அடித்துக் காதைப் பிளக்க, நடுவில் அத்தனை பேரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்கு, ஒருவர் தலைக்கு மேலாக இன்னொருவருக்கு. விரலும் பேசியது, புருவமும் பேசியது. இரண்டு பேர் அப்படியே சண்டை போட்டார்கள். மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தார்.

ரவிச்சந்திரனுக்கு மெய் சிலிர்த்தது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

மகள் அகல்யாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 'கையை ஆட்ட விட்டால் வாய்ப்பேச்சு வராது' என்று கோயம்புத்தூரில் யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அவர். கையை மடியில் வை, கையை மடியில் வை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அவளும் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒற்றைச் சொற்களாகப் பேசப் பழகினாள். பிறகு அதையும் குறைத்துக்கொண்டாள். அவர் புனேயின் ஹிஞ்சேவாடிக்கு வேலை மாற்றி வந்த பிறகு 'ம்', 'சரி', 'வேண்டாம்' இவற்றோடு சரி.

இப்படிப்பட்ட பெண், டிசைன் வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் இங்கே எதற்கு வருகிறாள்? புத்லாவில் அவளைப் பார்த்ததாகக் கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொல்லியிருந்தார். எவனோ ஏமாற்றுகிறான். பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், அடுத்த மாதமே ஊருக்கு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டார்.

மேல்படியில், சிலைக்குப் போட்ட விளக்கின் வெளிச்சம் முழுக்கத் தன்மேல் விழ, அகல்யா நின்றிருந்தாள்.

பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல், இரண்டு கையும் போதாமல் பேசிக்கொண்டிருந்தாள். கீழ்ப்படிகளில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நரைத்த அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை செய் என்று சைகையால் கெஞ்சினாள்.

தன் பெண் ஒருவரைச் சிரிக்கவைத்து அவர் பார்த்ததே இல்லை. பெருமையா பொறாமையா என்று அவருக்கே தெரியவில்லை.

"கடவுளே, இவளா இது!"

பக்கத்தில் சைக்கிளில் டீ விற்ற அமல்ராஜ், புனேயின் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்மாளா சார்? அந்தப் பாப்பா அவங்கப்பா மாதிரி பண்ணிக் காட்டுது. ஹர் சண்டேவும் இதான், பிக்சர் தோத்துடும். இவங்ககிட்ட ஒவ்வொருத்தருக்கும் கையாலயே ஒரு பேரு உண்டு சார். இங்க வராத அந்த அப்பாவுக்குக்கூட ஒண்ணு வெச்சிருக்காங்க."

ரவிச்சந்திரன் மறுபடி மேலே பார்த்தார். அகல்யா வாயை அகலத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக மென்று, 'சாப்-பிட்-டி-யா' என்று உதட்டை அசைத்தாள். அந்த வாய் அவருக்குத் தெரிந்த வாய்தான். கூட்டம் குலுங்கியது. பிறகு அவள் நடித்துக் காட்டிய அந்த அப்பா பஸ் ஸ்டாப்பில் நின்று, பஸ் போய் மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. கண்ணில் நீர் கோத்தது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

நரைத்த அம்மாள்தான் முதலில் கவனித்தாள். பக்கத்திலிருந்தவரைத் தட்டினாள். அவர் அடுத்தவரைத் தட்டினார். ஒவ்வொரு படியாகத் தலைகள் திரும்பின.

அதுவரை அங்கே அவரை ஒருவரும் கண்டதில்லை.

அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, இல்லாத சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மேல்படியில் அகல்யாவின் கைகள் மட்டும் சட்டென்று இறங்கி, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன.

ரவிச்சந்திரன் முதல் படியில் கால் வைத்தார். நரைத்த அம்மாளைப் பார்த்தார். மேலே நிற்கும் பெண்ணைக் காட்டி, இங்கே அவள் பெயர் என்ன என்று, பேசத் தெரியாத கையால் கேட்டார்.