பிடுங்கிய நாற்காலி

"இங்கே நிறம் பார்த்து, இனம் பார்த்து யாரையாவது யாராவது ஒதுக்குறாங்களா? மனசுவிட்டுப் பேசுங்க" என்றார், கம்பெனி அனுப்பிய பயிற்சியாளர் அம்மாள்.

ஓட்டல் சலவைக்கூடத்து ஆட்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். இஸ்திரிக்காரி மட்டும் எழுந்தாள்.

"எங்க சூப்பர்வைசர் அக்காவே பாக்குறாங்க, மேடம்."

சூப்பர்வைசர் தலை நிமிரவில்லை.

"இதோ இருக்காளே புதுசு, இவ வேற நாட்டுக்காரி. நம்ம நிறமும் இல்ல. பெரிய பெட்ஷீட் மடிக்க ரெண்டு ஆள் வேணும். இவ பாவம், ஒரு முனைய நாற்காலியில மாட்டிட்டு, தனியாவே மடிச்சிட்டிருந்தா. அந்த நாற்காலியையும் அக்கா பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"ஆமா, நாங்களும் பாத்தோம்" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

பயிற்சியாளர் முகம் சுருங்கியது. "நிஜமாம்மா?"

"நிஜந்தான்" என்றாள் சூப்பர்வைசர்.

"இதை நான் மேலே சொல்லியாகணும். உங்க வேலைக்கே உலை வைக்கும், தெரியுமில்ல?"

"தெரியும்."

பயிற்சியாளர் இஸ்திரிக்காரியிடம் திரும்பினார். "அப்புறம் இவங்க எப்படி மடிச்சாங்க?"

"நான்தான் போய் அந்தப் பக்கம் பிடிச்சேன். எனக்கென்ன கல்நெஞ்சா? மறுநாள் டிரைவர் அண்ணன், அப்புறம் ஆளாளுக்குப் போனோம். வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிருந்தோம், மேடம். நம்ம தமிழையே பிடிச்சுக்கிட்டு, வாயத் தொறந்தா மூட மாட்டேங்குறா. சூப்பர்வைசர் அக்கா மாதிரி நடந்து காட்டுவா பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாயிடும்."

புதுசு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடமே சிரித்தது. சூப்பர்வைசருக்கும் உதட்டோரம் துடித்தது.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் சரி. முதல்ல அந்த நாற்காலியத் திருப்பிக் குடுத்திடுங்க."

"ஐயோ, வேணாம் மேடம்" என்று பதறி எழுந்தாள் புதுசு.

"ஏம்மா? பயப்படாம சொல்லுங்க."

"பயமில்ல மேடம். வேலைய விட்டுப் போறேன்னு அன்னிக்கு அக்காகிட்டதான் அழுதேன். அவங்க உடனே நாற்காலியத் தூக்கிட்டு நடந்தாங்க."

இஸ்திரிக்காரியைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்:

"அது இருந்தவரைக்கும் என் எதிர்ல வந்து நிக்க யாருக்கும் தோணல, மேடம்."